பதினைந்து நிமிடம் மட்டும்

1935 மே 11, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டயர் தொழிற்சாலைகளால் பேர்பெற்ற ஆக்ரன் நகரம். அங்கிருந்த மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் 39 வயது பில் வில்சன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு இயந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றுவதற்காக நியூயார்க்கிலிருந்து வந்தவர் அவர். பங்குதாரர் வாக்கெடுப்பில் தோற்றாயிற்று. கூட வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பையில் பணமும் அதிகமில்லை. கூடத்தின் ஒரு கோடியில் மதுக்கூடம். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கின்றன. மறு கோடியில் ஒரு தொலைபேசி. அதன் பக்கத்தில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பெயர்ப் பட்டியல்.

வில்சன் குடியை விட்டு அன்றோடு ஐந்து மாதம்.

அவர் தொலைபேசி இருந்த பக்கம் போனார். பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாரை அழைத்து, இந்த ஊரில் குடியை விட முடியாமல் தவிக்கும் யாரையாவது தனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டார். இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் அந்த மாலையைக் கடக்க முடியும் என்று அவருக்குப் பட்டது. அந்த அழைப்பு கைமாறிக் கைமாறி ஹென்றியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்கு அப்படி ஒருவரைத் தெரியும்: பாப் ஸ்மித், 55 வயது, அறுவை மருத்துவர். ஆனால் அன்று அவரைக் கூட்டிவர வழியில்லை. அன்னையர் தினத்துக்கென்று பெரிய பூந்தொட்டி ஒன்றை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு, அவர் போதையில் சுருண்டு கிடந்தார்.

மறுநாள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு டாக்டர் பாப் ஹென்றியட்டாவின் வீட்டுக்கு வந்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று மனைவி ஆனிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் வந்தார். பேச்சு முடிந்து இருவரும் வெளியே வந்தபோது இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது.

'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்று இன்று உலகெங்கும் அறியப்படும் குடிநோயாளிகளின் கூட்டமைப்புக்கு அந்தச் சந்திப்பே வித்து. சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். அந்த ஆறு மணி நேரத்தில் அப்படி என்ன கைமாறியது என்பது இறைநம்பிக்கை உள்ளவர்களும் மூளையை ஆராய்கிறவர்களும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

டாக்டர் பாப் வேதாகமம் அறியாதவர் அல்லர். ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கிய 'ஆக்ஸ்போர்டு குரூப்' என்னும் கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களுக்கு இரண்டரை ஆண்டுகளாகப் போய்வந்தார். ஜெபித்தார், படித்தார், கூட்டத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் குடித்தார். இதை அவரே பின்னாளில் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்திருக்கிறார்.

வில்சனிடம் இருந்தது வேறு. நியூயார்க்கில் டவுன்ஸ் என்ற மருத்துவமனையில் போதை தெளிவிக்கச் சேர்க்கப்பட்டபோது, வில்லியம் சில்க்வொர்த் என்ற மருத்துவர் அவருக்கு ஒரு உண்மையைச் சொன்னார்: குடி என்பது குணக்கேடு இல்லை, நோய். வில்சனுக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது. காரணம் தெரிந்துவிட்டது, இனி விட்டுவிடலாம் என்று தெம்போடு வீடு திரும்பினார். மீண்டும் குடித்தார்.

ஆக, ஒருவருக்கு நம்பிக்கை மட்டும் இருந்து பயன்படவில்லை. மற்றவருக்கு அறிவு மட்டும் இருந்து பயன்படவில்லை. குடியோடு மல்லுக்கட்டும் வீடுகளில் இந்த இரண்டு தோல்வியையும் பார்க்கலாம். போதகர் பாவம் என்கிறார், டாக்டர் நோய் என்கிறார், இரண்டையும் கேட்டுத் தலையாட்டிய மனிதர் சாயங்காலம் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்.

ஏன் அப்படி? இதற்கான விடையின் பெரும்பகுதி அவர்கள் காலத்துக்குப் பிறகுதான் ஆய்வகங்களிலிருந்து வந்தது.

மூளையின் நடுவே, ஆழத்தில், 'பேசல் கேங்லியா' என்றொரு நரம்பணுத் தொகுதி இருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்யும் காரியங்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி வைத்துக்கொள்ளும் இடம் அது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர் ஆன் கிரேபீல் எலிகளை வைத்து இதைக் காட்டினார். 'டி' எழுத்து வடிவப் பாதையில் எலி ஓட வேண்டும். சரியான பக்கம் திரும்பினால் சாக்லேட். பாதை புதிதாக இருக்கும்வரை அந்தப் பகுதியின் நரம்பணுக்கள் ஓட்டம் முழுக்கத் துடித்தன. பாதை பழகிப்போன பிறகு, ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரு துடிப்பு, முடிவில் ஒரு துடிப்பு. நடுவில் ஏறக்குறைய அமைதி. இடைப்பட்ட காரியத்தை யோசித்துச் செய்ய வேண்டிய தேவையே அங்கு இல்லை. சைக்கிள் ஓட்டுவதும் சிகரெட்டுக்காகச் சட்டைப்பையைத் தடவுவதும் இப்படித்தான் நடக்கின்றன.

2005-ல் கிரேபீலின் குழு வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. பழகிய எலிகளுக்குச் சாக்லேட்டை நிறுத்தினார்கள். மெல்ல மெல்லப் பழக்கத்தின் தடம் மூளையிலிருந்து மறைந்தது. பிறகு சாக்லேட்டைத் திரும்ப வைத்தார்கள். பழைய துடிப்பு, பழைய வடிவத்திலேயே, சட்டென்று திரும்பி வந்தது. அது அழிந்திருக்கவில்லை, அடியில் கிடந்திருக்கிறது. தவக்காலத்தின் நாற்பது நாளும் பாட்டிலைத் தொடாமல் இருந்துவிட்டு, ஈஸ்டர் அன்று விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறவர்களை நம் ஊர்களில் பார்த்தவர்களுக்கு இந்த எலிகளின் கதை புதிதாக இராது. அந்த நாற்பது நாள் பொய்யல்ல. பழைய தடமும் பொய்யல்ல.

பழக்கத்தின் பிடியில் இன்னொன்றின் கையும் உண்டு: டோபமைன். இன்பம் தரும் வேதிப்பொருள் என்று பலரும் இதைச் சொல்கிறார்கள். அது சரியான விவரிப்பு அல்ல. சுவிட்சர்லாந்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அவை துடிக்கும். சாறு வரும் முன் ஒரு சைகையைக் காட்டிப் பழக்கினால், துடிப்பு சைகைக்கு மாறிவிடும். சாறு வரும்போது துடிப்பு இருக்காது. சைகை காட்டிவிட்டுச் சாற்றைத் தராமல் ஏமாற்றினால், துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், வேண்டுவதும் ரசிப்பதும் மூளையில் வெவ்வேறு என்று காட்டினார். டோபமைன் அறவே இல்லாத எலிகளும் நாக்கில் சர்க்கரை வைத்தால் ரசிக்கின்றன. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் உணவைத் தேடிப் போவதில்லை. போதையில் இது தலைகீழாகிறது: ரசிப்பு தேய்ந்துபோகிறது, வேண்டுவது வீங்குகிறது. குடித்தால் இப்போதெல்லாம் சந்தோஷமே இல்லை, ஆனாலும் குடிக்காமல் முடியவில்லை என்று குடிநோயாளிகள் சொல்வது சாக்குப்போக்கு அல்ல.

இப்போது மேஃப்ளவர் ஹோட்டலுக்குத் திரும்பிப் போனால், மதுக்கூடத்துச் சிரிப்புச் சத்தம் வில்சனின் மூளையில் என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கலாம். அந்தச் சத்தம்தான் சைகை. தோல்வியும் தனிமையும் அதைப் பெருக்கின. மனஉளைச்சல் ஏறும்போது, நெற்றிக்குப் பின்னாலிருந்து நிதானம் காக்கும் முன்மூளைப் புறணி தளர்ந்துபோகிறது என்பது யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து சொல்லிவருவது. உறுதிமொழி எடுப்பது அந்தப் புறணி. உறுதிமொழி தேவைப்படும் நேரத்தில் சோர்ந்துவிடுவதும் அதுவே. ஏ.ஏ. கூட்டங்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கிலும் எச்சரிக்கையாக இரு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பட்டறிவில் பிறந்த பேச்சு அது. ஆய்வகம் பின்னால் வந்து ஆமோதித்தது.

மனித சித்தம் இப்படித் தனக்கே அடங்காமல் போவதைத் திருச்சபை வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. செய்ய விரும்பும் நன்மையைச் செய்யாமல் வெறுக்கும் தீமையையே செய்கிறேன் என்ற தவிப்பைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் கொட்டியிருக்கிறார். கி.பி. 386-ல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் மனம் மாறிய அகுஸ்தீன், ஆசைக்கு இடம் கொடுத்தது பழக்கமானதையும், பழக்கத்தை எதிர்க்காமல் விட்டது கட்டாயமானதையும் ஒரு சங்கிலியின் கண்ணிகளாகக் கண்டார். நரம்பணுக்களைப் பற்றி எதுவும் தெரியாத மனிதர், இன்றைய ஆய்வாளர் ஏற்கும் வரிசையில் அதைச் சொல்லியிருப்பது வியப்பு.

சரி, ஆக்ரனில் எது மாறியது?

அதற்கு முந்தைய ஐந்து மாதத்தையும் பார்க்க வேண்டும். 1934 டிசம்பரில், அதே டவுன்ஸ் மருத்துவமனையில், வில்சன் கடவுளை நோக்கிக் கதறியபோது அறை முழுதும் வெண்ணொளி நிறைந்ததாக உணர்ந்தார். அந்த நேரத்தில் அவருக்கு, மாயக்காட்சிகளை உண்டாக்கக்கூடிய பெல்லடோனா கலந்த மருந்து கொடுத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்தின் விளைவு என்பார் உண்டு, அருள் என்பார் உண்டு. எப்படியானாலும், அதன் பின் 1971-ல் சாகும்வரை அவர் குடிக்கவில்லை. அந்த உற்சாகத்தில் நியூயார்க்கின் குடிகாரர்களைத் தேடித் தேடிப் போய்த் தன் ஒளி அனுபவத்தைச் சொன்னார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. சில்க்வொர்த்திடம் போய்ப் புலம்பினார். மருத்துவர் சொன்ன யோசனை: பிரசங்கத்தை நிறுத்து, முதலில் இந்த நோய் உடம்பையும் மனதையும் என்ன செய்யும் என்பதைச் சொல், கடவுளைப் பற்றி அப்புறம் பேசு.

டாக்டர் பாப்பிடம் வில்சன் அப்படித்தான் பேசினார். தன் கதையைச் சொன்னார், நோயைச் சொன்னார். பாப் ஒரு மருத்துவர். உடம்பைப் பற்றி அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் குடியைப் பற்றித் தன் பாஷையில், பட்டு உணர்ந்து பேசிய ஒரு ஆளை அவர் அதுவரை சந்தித்ததில்லை. வெட்கம் விலகியது. அதுவரை ஆக்ஸ்போர்டு குரூப்பில் கற்றதெல்லாம் வேர்பிடிக்க அப்போதுதான் இடம் கிடைத்தது. குடியை ஒருவகை ஒவ்வாமை என்று சில்க்வொர்த் கருதியதை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் ஒழுக்கக் குற்றத்தின் பட்டியலிலிருந்து அதை எடுத்து நோயின் பட்டியலில் வைத்த செயல் நிலைத்துவிட்டது.

அந்தக் கோடையில் வில்சன் ஸ்மித் குடும்பத்தோடு ஆர்ட்மோர் அவென்யூ வீட்டிலேயே தங்கினார். காலையில் ஆன் வேதாகமத்திலிருந்து வாசிப்பார், பிறகு மௌனம். யாக்கோபின் நிருபம் அவர்களுக்கு அவ்வளவு பிடித்திருந்ததால், கூட்டத்துக்கே யாக்கோபு சங்கம் என்று பெயர் வைக்கலாமா என்று பேச்சு எழுந்தது. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்லும் நிருபம் அது.

ஆனால் பாப் மறுபடியும் விழுந்தார். ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் போனவர், ரயிலிலேயே ஆரம்பித்து, சில நாள் கழித்துப் போதையில் வந்து சேர்ந்தார். ஆனும் வில்சனும் இரவுபகலாகப் பார்த்துக்கொண்டார்கள். ஏ.ஏ. மரபுக் கணக்கின்படி, ஜூன் 10 அன்று அவர் ஒரு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. கை நடுங்கியது. நடுக்கத்தை நிறுத்த வில்சன் ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார். இது பின்பற்ற வேண்டிய வழியல்ல. நாள்பட்ட குடிநோயாளி திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதை மருத்துவரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்தும் பாப் வீடு திரும்பவில்லை. மணிக்கணக்கில் காணவில்லை. திரும்பக் கடைக்குப் போய்விட்டார் என்று நினைத்திருப்பார்கள். அவரோ கடன் கொடுத்தவர்கள், தன்னால் மனம் நொந்தவர்கள் என்று ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் குடித்த அந்த பீர்தான் அவருடைய கடைசி மது. அந்த நாளையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

அந்த விழுகையை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதில் ஒரு பெரிய அறிவியல் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட், ஒரு தடவை தவறியதைவிட அதைத் தொடர்ந்து வரும் எண்ணம்தான் ஆளைக் கவிழ்க்கிறது என்று கண்டறிந்தார்: கெட்டது கெட்டுப்போச்சு, இனிமேல் என்ன. ஒரு குவளை ஒரு வாரக் குடியாவது இப்படித்தான். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரைப் புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கச் சொல்லி 12 வாரம் கவனித்தார். 2010-ல் வந்த முடிவின்படி, பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய சேதமில்லை. 21 நாளில் எதையும் மாற்றலாம் என்று மேடைகளில் சொல்வதற்கு இங்கே ஆதாரம் இல்லை. கிறிஸ்தவத்தின் மனந்திரும்புதல், பாவமன்னிப்பு என்ற பழைய சொற்கள் மூளையின் கணக்கில் மதிப்புப் பெறும் இடம் இதுவே. விழுந்தவனை எழுப்பி இன்றிலிருந்து தொடங்கு என்று சொல்லும் நம்பிக்கை, மார்லட் சொன்ன அந்த எண்ணத்தின் கழுத்தைப் பிடிக்கிறது. மாறாக, ஆலயத்தில் விரல் நீட்டி அவமானப்படுத்துகிறவர்கள் அந்த எண்ணத்துக்குத் தீனி போடுகிறார்கள்.

சூழலின் பங்கும் சிறியதல்ல. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் போதைக்கு அடிமையானதாகச் சொன்னார்கள். அவர்கள் நாடு திரும்பிய பின் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்போய்ப் பார்த்தபோது, அப்படி அடிமையானவர்களில் முதல் ஆண்டில் மறுபடியும் அடிமையானவர்கள் ஐந்து சதவீதம் அளவே. காடும் முகாமும் பழைய கூட்டாளிகளும் இல்லாத இடத்தில் சைகைகளும் இல்லை. ஊரையே மாற்ற எல்லோராலும் முடியாது. ஆனால் மாலை ஏழு மணிக்கு எங்கே, யாரோடு இருப்பது என்பதை மாற்றலாம். ஆக்ரன்காரர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி அதைத்தான் மாற்றினார்கள். 27 ஆய்வுகளில் பங்கேற்ற 10,565 பேரின் தரவுகளைத் தொகுத்து 2020-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வில், ஏ.ஏ. வழிக்கு முறைப்படி ஆற்றுப்படுத்தப்பட்டவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டு கழித்தும் முற்றிலும் குடிக்காமல் இருந்தார்கள். பிற உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் அது 35 சதவீதம். இது மந்திர வித்தை அல்ல. பாதிக்கு மேற்பட்டோர் தடுமாறியிருக்கிறார்கள் என்பதும் இதே எண்ணில்தான் இருக்கிறது. ஆனாலும் காசில்லாமல், தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு நடக்கும் ஒரு கூட்டத்துக்கு இது பெரிய எண்.

ஜெபம் மூளையில் என்ன செய்கிறது? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்க் கலாண்டர் குழுவினர், நெடுநாளாகக் குடிக்காமல் இருக்கும் 20 ஏ.ஏ. உறுப்பினர்களுக்கு மதுவின் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். செய்தித்தாள் வாசித்த பின் படத்தைப் பார்த்தபோது இருந்த ஏக்கம், ஏ.ஏ. ஜெபங்களை வாசித்த பின் குறைந்தது. கவனத்தையும் உணர்ச்சியையும் ஆளும் முன்மூளைப் பகுதிகள் அப்போது கூடுதலாக இயங்கின. இருபதே பேர் என்பதால் இதை வைத்து மாளிகை கட்ட முடியாது. ஒன்று மட்டும் கவனிக்கத் தக்கது: ஆண்டுக்கணக்கில் குடிக்காத அவர்களின் மூளையும் படத்தைக் கண்டதும் ஏங்கத்தான் செய்தது.

ஒரு பழக்கத்திலிருந்து கிடைத்த விடுதலை இன்னொன்றுக்குத் தானாகப் பரவுவதுமில்லை. வில்சன் ஓயாமல் சிகரெட் பிடித்தவர். நுரையீரல் கெட்டு, எம்ஃபிசீமா முற்றி, அதனால்தான் இறந்தார். லட்சக்கணக்கானோர் குடியை விட வழிகாட்டியவரின் நுரையீரலை அந்த ஒளி அனுபவம் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு தடத்துக்கும் அதற்கேற்ற உழைப்பு தேவைப்படுகிறது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை நுட்பமாக உணர்ந்திருந்தார். பெருந்தீனி, கோபம், சோர்வு என்று மனதைக் கவ்வும் எட்டு எண்ணங்களை வகைப்படுத்தி, இந்த எண்ணம் வந்தால் இந்த வேத வசனத்தால் பதில் சொல் என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே விடை எழுதி வைத்தார். ஏறத்தாழ ஐந்நூறு விடைகள். இது வந்தால் அதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது, வெறும் உறுதிமொழியைவிடப் பலன் தரும் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் சோதனைகளில் காட்டியிருக்கிறார். எண்ணம் தாக்கும்போது யோசிக்க நேரமிருக்காது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆக்ரனிலேயே இதற்கு அழகான சாட்சி உண்டு. புனித தோமையார் மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. அயர்லாந்தில் பிறந்தவர், இசை ஆசிரியையாக இருந்து உடல்நலம் குன்றி இந்த வேலைக்கு மாற்றப்பட்டவர். குடிகாரர்களை மருத்துவமனைகள் சேர்க்காத காலம். 1939-ல் டாக்டர் பாப்பின் நோயாளி ஒருவரை இரைப்பை அழற்சி என்று பதிந்து சேர்த்தார். தனியறை இல்லை; பூக்களை வெட்டி ஜாடியில் அடுக்கும் சிற்றறையில் கட்டிலைத் தள்ளிவிட்டார்கள். பின்னர் அங்கே தனி வார்டே உருவாயிற்று. சிகிச்சை முடிந்து கிளம்பும் ஒவ்வொருவர் கையிலும் சகோதரி ஒரு சிறிய திரு இருதயப் பதக்கத்தைக் கொடுப்பார். ஒரே ஒரு நிபந்தனை: எப்போதாவது குடிக்க முடிவு செய்தால், முதல் மடக்குக்கு முன் இங்கே வந்து இதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

குடிக்காதே என்று அவர் கட்டளையிடவில்லை. ஏக்கத்துக்கும் குவளைக்கும் நடுவே ஒரு நடையையும் ஒரு முகத்தையும் வைத்தார். பேருந்து பிடித்து, மருத்துவமனைப் படியேறி, அந்த மெலிந்த சகோதரியின் கண்ணைப் பார்த்துப் பதக்கத்தை நீட்ட வேண்டும். அதற்குள் முன்மூளை விழித்துக்கொள்ள நேரம் கிடைத்துவிடும்.

டாக்டர் பாப்புக்கு வில்சனைப் போல ஒளி எதுவும் தோன்றவில்லை. குடியை விட்ட பிறகும் இரண்டரை ஆண்டுகள் ஏக்கம் ஏறக்குறைய எப்போதும் கூடவே இருந்தது என்று எழுதியிருக்கிறார். அந்த ஏக்கத்தோடேயே வேதாகமத்தை விடாமல் வாசித்தார், ஜெபித்தார்; பின்னாளில் புனித தோமையார் வார்டுக்கும் போய்வந்தார். 1950 நவம்பரில் புற்றுநோயால் இறக்கும்வரை, இக்னேஷியாவோடு சேர்ந்து அவர் கவனித்த குடிநோயாளிகள் சுமார் ஐயாயிரம் பேர். அவர்களில் யாரிடமும் அதற்காக அவர் கட்டணம் வாங்கவில்லை.